ஓய்வுக்குப் பிறகு வீடுகளைப் படமெடுக்கும் தொழில்: பினாங்கில் தொடங்க நினைப்பவர்களுக்கு

ஜெலுத்தோங்கில் ஒரு பழைய தரைவீடு. உரிமையாளர் வெளிநாட்டில் மகளோடு இருக்கிறார். வீட்டை விற்றுத் தரும் ஏஜண்ட் தம்பி காலை 10 மணிக்கு வாசலில் நின்று சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். "அங்கிள், பத்து காவான்ல ஒரு வீடு காட்டணும், நான் கிளம்பறேன். எடுத்து முடிச்சதும் பூட்டிட்டு, சாவியை லெட்டர் பாக்ஸ்ல போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். இந்தத் தொழிலில் நம்மைப் போன்றவர்களுக்கு எது கைமுதல் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. கேமரா தெரிந்த பிள்ளைகள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். ஆளில்லாத வீட்டின் சாவியை யோசிக்காமல் கொடுத்துவிட்டுப் போகும்படியான ஆள்தான் ஏஜண்டுகளுக்குக் கிடைப்பதில்லை.

நான் 32 ஆண்டுகள் ஜெலுத்தோங், கிரீன் லேன், குளுகோர் பக்கம் மோட்டாரில் தபால் கொடுத்தவன். 60 வயதில் ஓய்வு. சேமநிதிப் பணம் வந்தது, வீட்டுக் கடன் முடிந்தது, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் பகல் முழுவதும் வீடு அமைதியாக இருந்தது. ஆறு மாதம் அப்படி இருந்து பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்கினேன். இப்போது வாரத்துக்கு மூன்று நான்கு வீடுகள் எடுக்கிறேன். அதற்குமேல் ஒப்புக்கொள்வதில்லை. அந்த அனுபவத்திலிருந்து, புதிதாக வருகிறவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப் போடலாம் என்பதை எழுதுகிறேன்.

முதல் மாதம்: எதையும் வாங்காதீர்கள்

கைத்தொலைபேசி போதும். உங்கள் வீட்டு வரவேற்பறையைக் காலை 8 மணிக்கு, 11 மணிக்கு, மாலை 5 மணிக்கு ஒரே இடத்தில் நின்று எடுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தாலே, பத்தாண்டாகக் குடியிருக்கும் அறையில் வெளிச்சம் எங்கிருந்து வந்து எங்கே விழுகிறது என்பதை முதல்முறையாகக் கவனிப்பீர்கள். பிறகு படங்களில் சுவர் ஓரங்களைப் பாருங்கள். செங்குத்தாக நிற்க வேண்டிய கதவுச் சட்டம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருக்கும். போனைக் கொஞ்சம் குனித்தோ நிமிர்த்தோ பிடித்ததுதான் காரணம். நேராகப் பிடித்து மறுபடியும் எடுங்கள். இந்த ஒரு பழக்கம் கைக்கு வந்துவிட்டால் பாதித் தொழில் கற்றாகிவிட்டது என்றே சொல்வேன்.

உடம்பையும் இந்த மாதத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டை எடுக்க ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும், பலமுறை குனிந்து நிமிர வேண்டும், பையோடு மாடிப்படி ஏற வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் பயப்பட வேண்டாம். கேமராவின் வைஃபை வழியாகப் படத்தைப் போன் திரையில் பார்த்தபடியே எடுக்கலாம், குனிய வேண்டியதே இல்லை. ஆனால் நாற்காலிமேல் ஏறி நின்று எடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். உயரத்தில் இருந்து எடுத்தால்தான் ஆயிற்று என்ற படம் இந்தத் தொழிலில் ஒன்றுகூட இல்லை.

சாமான்கள்

நான் கேமரா, லென்ஸ், முக்காலி எல்லாவற்றையும் 3,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடித்தேன், கேமராவும் லென்ஸும் கைமாறியவை. வாங்கியது கேனன் 200டி உடலும் அதற்கான 10-18 மி.மீ. அகலக்கோண லென்ஸும். வேறு கம்பெனி என்றாலும் இதே வகையில் வாங்கலாம். வீட்டுப் படத்துக்கு விலையுயர்ந்த, வெளிச்சம் குறைவான இடத்திலும் வேகமாக எடுக்கிற லென்ஸ் தேவையில்லை. சோபா ஓடிவிடாது. முக்காலியில் வைத்து நிதானமாக எடுக்கிறோம், அதனால் சாதாரண லென்ஸே தெளிவாகத் தரும்.

பணம் மிச்சமிருந்தால் முக்காலியில் போடுங்கள். ஆடாத முக்காலி, அதன்மேல் திருகித் திருகி நுணுக்கமாகத் திருப்பக்கூடிய தலை. கேமராமேல் பொருத்தும் சின்ன ரசமட்டம் ஒன்று, கொத்தனார் வைத்திருப்பாரே, அதேதான். முக்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டிவிடுங்கள். மார்பிள் தரையிலும் மரத்தரையிலும் கீறல் விழுந்தால் ஒரு மாத வருமானம் போய்விடும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது: காற்றுப்புகாத உலர்பெட்டி, கடைகளில் டிரை கேபினட் என்று கேட்டால் கொடுப்பார்கள். நம் ஈரப்பதத்தில் லென்ஸை அலமாரியில் போட்டு வைத்தால் சில மாதங்களில் உள்கண்ணாடியில் பூஞ்சை சிலந்திவலை போலப் படர ஆரம்பித்துவிடும். பெட்டியின் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் இருந்தால் போதும். கைமாறிய லென்ஸ் வாங்கும்போதும் ஒரு டார்ச் லைட்டை லென்ஸுக்குப் பின்னாலிருந்து அடித்து இந்தப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

டிரோனை முதல் ஆண்டில் நினைக்கவே வேண்டாம். 400 அடி உச்சவரம்பு, விமான நிலையச் சுற்றுவட்டாரத் தடை, மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி, வான்வழிப் படத்துக்கு நில அளவைத் துறையின் அனுமதி என்று அது தனித்தொழில். தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் விமான நிலையம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

வெயிலைப் படிப்பது

தபால்காரனுக்கு ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், எந்த வரிசை கிழக்கு பார்த்தது, எந்த வரிசை மேற்கு பார்த்தது என்பது மனப்பாடம். காலை 10 மணிக்கு எந்தப் பக்கம் நிழல் என்று பார்த்துத்தானே மோட்டாரை நிறுத்துவோம். அந்த அறிவு இப்படிப் பயன்படும் என்று நான் நினைக்கவில்லை.

பினாங்கு பூமத்தியரேகைக்கு 5 பாகை சொச்சம் வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டியே விடியும். 11 மணிக்கெல்லாம் சூரியன் உச்சிக்கு ஏறத் தொடங்கிவிடும். உச்சி வெயிலில் வீட்டு முகப்பை எடுத்தால் கார் போர்ச் கூரையின் கீழே எல்லாம் கறுப்பாகவும் கூரைக்கு மேலே எல்லாம் வெளுத்தும் இருக்கும். ஆகவே கிழக்கு பார்த்த வீட்டின் முகப்பைக் காலை 8 முதல் 10 மணிக்குள், மேற்கு பார்த்த வீட்டை மாலை 4 மணிக்குப் பிறகு. வடக்கு, தெற்கு பார்த்த வீடுகளுக்கு மாதம் பார்க்க வேண்டும். ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் முற்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குவாசல் வீட்டுக்கு ஜூனிலும் தெற்குவாசல் வீட்டுக்கு டிசம்பரிலும் முகத்தில் வெளிச்சம் விழும். ஏஜண்டிடம் வேலை ஒப்புக்கொள்ளும்போது முதல் கேள்வி "வீடு எந்தப் பக்கம் பார்த்தது?" என்பதாக இருக்கட்டும். நம் ஆட்கள் வீட்டுக்கு வாஸ்து பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள், தமிழ் வீடுகளில் இதற்கு உடனே பதில் வரும்.

மழையையும் கணக்கில் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்குமேல் இடிமழை பிடித்துக்கொள்ளும். அப்போது மேற்கு பார்த்த வீட்டுக்கு ஒரே வருகையில் எல்லாவற்றையும் முடிக்க முடியாது. முகப்புக்கு மட்டும் இன்னொரு மாலை வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புகைமூட்டம் வரும் நாட்களில் கடல்காட்சி கொண்டோவை எடுக்கப் போகாதீர்கள். தள்ளிப் போடுவதில் வெட்கமில்லை.

ஜார்ஜ்டவுன் கடைவீடுகளுக்கு இந்த விதி தலைகீழ். குறுகலான முகப்பு, நீளமான உடம்பு, நடுவில் வானம் பார்த்த முற்றம். எதிர்வரிசை அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், நின்று முகப்பைக் காலையிலோ மாலையிலோ எடுக்கலாம். ஆனால் உள்ளே முற்றத்துக்கு நேராக வெளிச்சம் இறங்குவது உச்சிவேளையில்தான். நம் கடிகாரத்தில் மதியம் 1 மணியை ஒட்டி அந்த வெளிச்சம் சுவரில் பட்டு இரண்டு பக்க அறைகளுக்கும் பரவும். மற்ற வீடுகளுக்கு ஆகாத நேரம் கடைவீட்டின் வயிற்றுக்கு நல்ல நேரம். 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு அந்த வட்டாரத்துப் பழைய கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறியிருக்கின்றன, அவற்றுக்குப் படம் எப்போதும் தேவைப்படுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான். பழைய பூக்கல் தரையில் முற்றத்து வெயில் நகர்வதைக் காத்திருந்து எடுப்பதில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

உள்ளே போனதும்

செருப்பைக் கழற்றுங்கள். யாருடைய வீடாக இருந்தாலும் படுக்கையறைக் கதவைத் திறக்குமுன் கேளுங்கள். பூசையறை, சீனர் வீடுகளில் முன்னோர் மேடை, இவற்றை நம் கையால் தொடவோ நகர்த்தவோ கூடாது. "இதைப் படத்தில் வைக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். சில வீடுகளில் ராகு காலம் கழித்து வரச் சொல்வார்கள். வீடு நல்லபடியாகக் கைமாற வேண்டும் என்ற கவலை அது. அரை மணி நேரம் முன்பின் போவதால் நமக்கு நட்டமில்லை.

எடுக்கத் தொடங்குமுன் கேமரா இல்லாமல் வீட்டை ஒரு சுற்று நடந்து வாருங்கள். மின்விசிறிகளை நிறுத்துங்கள், சுழல்கிற இறக்கை படத்தில் அழுக்குத் திட்டாக விழும். தொலைக்காட்சியை அணையுங்கள். கழிவறை மூடியைக் கீழே இறக்குங்கள். சமையலறை மேடையில் உள்ள துணி, சவர்க்காரப் போத்தல், மசாலா டப்பாக்களை ஒதுக்குங்கள், வீட்டுக்காரரிடம் சொல்லி அவரையே ஒதுக்கச் சொல்வது இன்னும் நல்லது. பிள்ளைகளின் படம், பள்ளிச் சான்றிதழ், பெயர் அச்சிட்ட மின்சாரக் கட்டணச் சீட்டு, கார் எண், எச்சரிக்கை மணியின் பெட்டி, இரும்புக் கிரிலின் பூட்டு எதுவும் படத்தில் தெரியக் கூடாது. இணையத்தில் போகும் படம் அது. வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்படிப் பூட்டுகிறார்கள் என்பதை ஊருக்குச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

இந்தப் பட்டியலை மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் எழுதி வைத்துக்கொண்டு முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கேமரா வைக்கும் உயரம் முக்கியம். நம் கண்ணுயரத்தில் வைத்தால் தரையும் மேசையும் தெரியும், அறை தாழ்ந்து போகும். வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் 110 முதல் 120 சென்டிமீட்டர். சுவரில் விளக்கு சுவிட்ச் இருக்கிறதே, அதற்குக் கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக்கு 140 அளவில் வைத்தால் மேடையின் மேற்பரப்பும் தெரியும், மேல் அலமாரியின் அடிப்பகுதியும் கண்ணை உறுத்தாது. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கட்டும். கதவுச் சட்டங்கள் தூக்குக்குண்டு பிடித்ததுபோல நேராக விழும்.

லென்ஸ் 10 மி.மீ. வரை போகும் என்பதற்காக 10-லேயே எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். ஓரத்தில் இருக்கும் குளிர்பெட்டி யானை மாதிரி இழுபட்டு நிற்கும், பத்தடி அறை மண்டபம் போலத் தெரியும். பார்க்க வருகிறவர் வாசலிலேயே ஏமாந்துவிடுவார். 12 முதல் 14 மி.மீ. போதும். குளியலறைக்கு மட்டும் 10. நின்று எடுக்க இடமில்லை என்றால் கதவுக்கு வெளியே வந்து, கதவுச் சட்டம் ஓரத்தில் தெரியும்படி எடுங்கள், அறைக்குள் நுழைவதுபோலவே இருக்கும்.

லென்ஸ் திறப்பு (அபர்ச்சர்) எஃப் 8, ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) 100 அல்லது 200, இரண்டு வினாடி டைமர், கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பு. ஜன்னலுக்கு வெளியே வெயிலும் உள்ளே இருட்டும் என்பதால் ஒரே படத்தில் இரண்டும் வராது. கேமராவில் பிராக்கெட்டிங் வைத்தால் சரியான வெளிச்சத்தில் ஒன்று, இரண்டு படி குறைத்து ஒன்று, இரண்டு படி கூட்டி ஒன்று என மூன்று படங்கள் வரும். பிறகு கணினியில் மூன்றையும் சேர்த்தால் அறையும் தெரியும், ஜன்னலில் மரமும் தெரியும்.

விளக்கு போடுவதா வேண்டாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். என் வழக்கம், பகலில் ஜன்னல் உள்ள அறைகளில் விளக்கை அணைத்துவிடுவது. ஜன்னல் வெளிச்சம் நீலம் கலந்தது, குண்டு விளக்கு மஞ்சள், கலிமந்தாங் குழல்விளக்கில் பச்சை இழையோடும். மூன்றும் ஒரே சுவரில் விழுந்தால் வெள்ளைச் சுவர் மூன்று நிறமாக நிற்கும், கணினியில் அதைச் சரிசெய்ய ஒரு படத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஜன்னலே இல்லாத குளியலறை, சாமான் அறை, நடைவழி இவற்றுக்கு மட்டும் விளக்கு.

ஒரு வரிசை வீட்டுக்கு 15 முதல் 20 படங்கள் போதும். முகப்பு, வரவேற்பறை இரண்டு கோணம், சாப்பாட்டிடம், உள் சமையலறை, பின்கட்டுச் சமையலறை, ஒவ்வொரு படுக்கையறையும், குளியலறைகள், கார் போர்ச், பின்சந்து. 40 படம் கொடுத்தால் ஏஜண்ட் நன்றி சொல்வார், பார்ப்பவர் ஐந்தாவது படத்தோடு போய்விடுவார்.

குளிரறையும் லென்ஸும்

என் இரண்டாம் மாதத்தில் நடந்தது இது. தஞ்சோங் தோக்கோங் பக்கம் ஒரு கொண்டோ. வீட்டுக்கார அம்மா நான் வருகிறேன் என்று காலையிலிருந்தே குளிர்சாதனத்தை ஓடவிட்டு வைத்திருந்தார். அறைகளை எல்லாம் எடுத்து முடித்து, கடைசியாகப் பால்கனிக் கதவைத் தள்ளினேன். கடற்காற்று முகத்தில் அடித்தது. லென்ஸைப் பார்த்தால் பால் ஊற்றியதுபோல வெளுத்துப் போயிருந்தது. துணியால் துடைத்தேன், தெளிந்த மாதிரி இருந்தது, எடுத்தேன். துடைத்த மறுநொடியே மெல்லிய படலம் மறுபடியும் படிந்திருக்கிறது. கேமராவின் சின்னத் திரையில் அது தெரியவில்லை. இரவு கணினியில் திறந்தபோதுதான் கடல், வானம், கம்பி எல்லாம் பனிக்குள் கிடப்பதைக் கண்டேன். அந்த வீட்டின் விலையே அந்தக் கடல்காட்சிக்குத்தான். மறுநாள் காலை மன்னிப்புக் கேட்டு மறுபடியும் போனேன். அந்த அம்மா காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார்.

அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் வெளிப்புறமும் பால்கனியும், பிறகு குளிர்சாதனம் இல்லாத அறைகள், குளிரறைகள் கடைசி. முந்தின நாள் அனுப்பும் பட்டியலிலும் குளிர்சாதனத்தைப் போட வேண்டாம் என்ற வரியைச் சேர்த்துவிட்டேன். கேமராப் பையைக் காரின் குளிர்க் காற்றில் வைக்காமல் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறேன். தப்பித்தவறி ஆவி படிந்துவிட்டால் துடைக்காதீர்கள். 15, 20 நிமிடம் அப்படியே வைத்தால் தானாகத் தெளியும்.

கொண்டோ என்றால் இன்னொரு வேலையும் உண்டு. நீச்சல்குளம், உடற்பயிற்சி அறை, வரவேற்புக் கூடம் எல்லாம் பொதுச் சொத்து. நிர்வாக அலுவலகத்தில் ஏஜண்ட் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். குளத்தில் ஆட்கள் இருக்கும்போது எடுக்கவே கூடாது.

கணினியில் எதுவரை போகலாம்

படத்தைத் திருத்தும் மென்பொருள்களில் லைட்ரூம் மாதக் கட்டணம் கேட்கும், டார்க்டேபிள் இலவசம். இரண்டில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் அதையே பழகுங்கள். மூன்று படங்களைச் சேர்ப்பது, சுவர்களை நேராக்குவது, நிறத்தைச் சமன் செய்வது, நிழலைக் கொஞ்சம் தூக்குவது, இந்த நான்கும் தெரிந்தால் போதும். இலைகள் பிளாஸ்டிக் பச்சையாகவும் வானம் விளம்பர நீலமாகவும் ஆகும்வரை கூட்டாதீர்கள்.

ஆயர் ஈத்தாமில் ஒரு மூலைவீடு எடுத்தேன். மாடிப் படுக்கையறையின் கூரைத் தட்டியில், ஒரு தட்டு அகலத்துக்குத் தேநீர் நிறத்தில் ஈரக்கறை. நடுவில் வெளிறி, விளிம்பில் மட்டும் அடர்ந்த வளையம், ஒன்றுக்குமேல் ஒன்றாக மூன்று வளையங்கள். மூன்று மழைக்காலம் ஒழுகியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். ஏஜண்ட் படங்களைப் பார்த்துவிட்டு, "அங்கிள், அந்தக் கறையை அழிச்சிடுங்க. ரெண்டு நிமிஷ வேலைதானே?" என்று கேட்டார். இரண்டு நிமிட வேலைதான். நான் செய்யவில்லை. "தம்பி, வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி கூரை ஓடுகளை மாத்தி, தட்டிக்குச் சாயம் அடிக்கச் சொல்லுங்க. முடிஞ்சதும் கூப்பிடுங்க, அந்த அறையைக் காசு வாங்காம மறுபடியும் எடுத்துத் தரேன்" என்றேன். அவருக்குக் கோபம். இரண்டு மாதம் அழைக்கவில்லை. பிறகு வேறொரு வீட்டுக்கு அவரே அழைத்தார்.

நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: வீடு பார்க்க வருகிறவர் வரும் நாளில் அது அங்கே இருக்குமா? குப்பைத்தொட்டி, வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக் கார், புல்லில் கிடந்த சருகு, இவை இருக்காது, அழிக்கலாம். சுவர் விரிசல், ஈரக்கறை, வீட்டெதிரே மின்கம்பம், பின்னால் தெரியும் தண்ணீர்த் தொட்டி, இவை இருக்கும். தொடக் கூடாது. நம் ஊரில் ஒரு வீடு என்பது 30 ஆண்டுக் கடன். அந்தக் கடனில் ஒருவர் கையெழுத்துப் போடுவதற்கு நம் படமும் ஒரு காரணமாகிறது என்பதை நினைத்துக்கொண்டே நான் கணினி முன்னால் உட்காருகிறேன்.

காகித வேலை

காசு வாங்கத் தொடங்கிய 30 நாட்களுக்குள் எஸ்எஸ்எம் என்கிற மலேசிய நிறுவன ஆணையத்தில் தொழிலைப் பதிய வேண்டும். 1956-ஆம் ஆண்டுத் தொழில் பதிவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஒன்றிலிருந்து ஐந்து ஆண்டுவரை ஒரேயடியாகக் கட்டலாம். இணையத்தில் ஈஸிபிஸ் வழியாகவும் செய்யலாம், முகப்பிடத்துக்கு அடையாள அட்டையோடு போயும் செய்யலாம். நான் சொந்தப் பெயரில்தான் பதிந்தேன், மக்கள் அந்தப் பெயரை நம்பித்தானே கூப்பிடுகிறார்கள்.

வருமான வரிக்கு இதுவரை பிஇ பாரம் அனுப்பியிருப்போம், ஏப்ரல் 30-க்குள். தொழில் வருமானம் வந்துவிட்டால் பி பாரம், ஜூன் 30-க்குள். பெட்ரோல், பாலத்துச் சுங்கம், கார் நிறுத்தக் கட்டணம், மென்பொருள் கட்டணம் எல்லாவற்றின் ரசீதையும் ஒரு கோப்பில் போடுங்கள். ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெயிலில் அச்சு மறையும் ரசீதுகளைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, ஒருவர் சொல்லி நாம் எடுத்துக் கொடுக்கும் படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவருக்குப் போய்விடும். எடுத்தவன் நான்தானே என்று பிறகு பேச முடியாது. "இந்தப் படங்களை என் வேலையின் மாதிரியாகக் காட்ட எனக்கு உரிமை உண்டு" என்ற ஒரு வரியை விலைச்சீட்டிலேயே எழுதி, வாட்ஸ்அப்பில் "சரி" என்று வாங்கிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நீங்கள் பல வீடுகளுக்குள் போவது தெரிந்ததும் உறவினர்கள், "அண்ணே, நல்ல வீடா இருந்தா சொல்லுங்க, முடிஞ்சா உங்களுக்கு ஏதாவது செய்யறேன்" என்பார்கள். கைநீட்டாதீர்கள். 1981-ஆம் ஆண்டின் 242-ஆம் சட்டப்படி வீட்டுத் தரகு என்பது பதிவுபெற்ற ஏஜண்டுகளும், அவர்களின் நிறுவனத்தின் கீழ் ஆர்இஎன் எனும் பதிவு எண் பெற்று வீட்டு விற்பனை பேசுகிறவர்களும் மட்டுமே செய்யலாம். வாங்குபவரைக் கூட்டிவந்து கமிஷன் வாங்கினால் நாம் குற்றவாளி, சாவி கொடுத்த ஏஜண்டுக்கும் துரோகம்.

வேலை எங்கிருந்து வரும்

மூன்று வீடுகளை முதலில் இலவசமாக எடுங்கள்: உங்களுடையது, பிள்ளையின் அடுக்குமாடி வீடு, நண்பரின் கடை. ஏஜண்டுக்கு இலவசமாக எடுக்காதீர்கள். இலவசத்தில் தொடங்கியவரிடம் பிறகு விலை பேச முடியாது.

அந்த மூன்றிலிருந்து 12 படங்களைத் தேர்ந்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஐபிராப்பர்ட்டி, பிராப்பர்ட்டிகுரு, மூடா ஆகிய விளம்பரத் தளங்களில் உங்கள் தாமானைத் தேடுங்கள். இருட்டாக, சாய்ந்து, கண்ணாடியில் எடுத்தவரின் நிழலோடு இருக்கும் படங்கள் கட்டாயம் கிடைக்கும். அந்த விளம்பரத்திலேயே ஏஜண்டின் பெயரும் ஆர்இஎன் எண்ணும் இருக்கும். படத்தைக் குறை சொல்லாதீர்கள். "நான் இதே தாமானில் இருக்கிறேன், இந்த வீடு மேற்கு பார்த்தது, மாலை 5 மணிக்கு முகப்பு நன்றாக வரும், எடுத்துத் தரட்டுமா?" என்று எழுதுங்கள். எனக்கு முதல் வேலை அப்படித்தான் கிடைத்தது. பெரிய ஏஜண்டுகளைவிட, புதிதாக வந்த இளைஞர்கள்தான் முதலில் அழைப்பார்கள். ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், வீடு புதுப்பிக்கும் கான்டிராக்டர்கள், திருமண மண்டபத்துக்குப் படம் தேவைப்படும் கோயில் நிர்வாகத்தினர் இவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஏல வீடுகளை மட்டும் வெளியிலிருந்துதான் எடுக்க முடியும், ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் யாருடைய சொல்லை நம்பியும் நுழையாதீர்கள்.

விலை? நான் வரிசை வீட்டுக்கு 120 வெள்ளியில் தொடங்கினேன், இப்போது 200 வாங்குகிறேன். உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்: போய்வர ஒரு மணி, எடுக்க ஒன்றரை மணி, கணினியில் இரண்டரை மணி, ஆக ஐந்து மணி நேரம். அதோடு பெட்ரோல், நிறுத்தம். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் என்றால் பாலத்துச் சுங்கத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஓய்வூதியம் வருகிறதே என்று பாதி விலைக்குப் போகாதீர்கள், குடும்பத்தை இதில் நடத்தும் இளைஞர்களின் பிழைப்பில் கைவைத்ததாகும்.

வீடு திரும்பிய இரவு

சாப்பிடுமுன் கேமராவின் மெமரி அட்டையிலிருந்து படங்களைக் கணினிக்கும் ஒரு வெளித்தட்டுக்கும் (ஹார்ட் டிஸ்க்) ஏற்றுங்கள். இரண்டு இடத்திலும் கடைசிப் படம்வரை திறக்கிறதா என்று பாருங்கள். லென்ஸைத் துடைத்து உலர்பெட்டியில் வையுங்கள், பையிலேயே விட்டுவிடாதீர்கள். பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். மறுநாள் மாலைக்குள் படங்களை அனுப்பிவிடுங்கள்: இணையத்துக்கென நீளப்பக்கம் 2,000 பிக்சல் அளவில் ஒரு தொகுப்பு, அச்சுக்கென முழு அளவில் ஒன்று. கோப்புகளுக்கு "01-முகப்பு", "02-வரவேற்பறை" என்று வரிசையாகப் பெயர் வைத்தால் ஏஜண்ட் அப்படியே ஏற்றிவிடுவார். அட்டையை அழிப்பது, அவர் எல்லாம் கிடைத்தது என்று பதில் போட்ட பிறகு.